விட்டுப்போன ஒரு இஞ்ச்

“மாமா, நீங்க விட்டுட்டீங்களே அந்த முதல் இஞ்ச், அது எங்க போகும்?”

ஏழு வயதுக் குட்டி ஒருத்தி கேட்ட கேள்வி இது. மாடி அறையின் வெறுந்தரையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் மோவாயைத் தாங்கிக்கொண்டு கேட்டாள். அந்த அறை அவளுக்காகத்தான் தயாராகிக்கொண்டிருந்தது. கூரைக்கு நேர் கீழே இருக்கும் அறை. வாசல் பக்கம் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் கூரை சாய்ந்து இறங்கி, எதிர்ச்சுவருக்கு வரும்போது இடுப்பளவுகூட இருக்காது. அந்தக் குட்டைச் சுவரை ஒட்டி, மேற்பக்கம் கூரையோடு சரிந்து போகிற மாதிரி ஐந்து அலமாரிகள் செய்து பொருத்த வேண்டும். தச்சர் அதற்குத்தான் அளவெடுக்க வந்திருந்தார்.

அவருடைய டேப்பின் நுனிக் கொக்கி பல வருஷமாக ஆடிக்கொண்டிருந்தது. அதை நம்பி அளந்தால் அளவு தப்பும். அதனால் டேப்பை எப்போதும் ஒன்றாம் எண்ணில் பிடித்துத்தான் அளப்பார். வருகிற அளவில் ஒன்றைக் கழித்துவிடுவார். “புதுசு ஒண்ணு வாங்கினா என்ன?” என்று கேட்பவர்களிடம், “பெண்டாட்டியும் டேப்பும் ஒண்ணுதான். என்ன குறைன்னு தெரிஞ்சிக்கிட்டா நிம்மதியா காலம் தள்ளலாம்” என்பார். இதை அவர் வீட்டில் வைத்து ஒரே ஒருமுறைதான் சொன்னார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பு இல்லை.

நோட்டில் எழுதுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். டேப் காட்டுகிற எண்ணை முதலில் எழுதுவார். அதன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். பக்கத்தில் ஒன்று குறைத்த எண்ணை எழுதுவார். இருபத்தாறு வருஷமாக இதே வழக்கம்.

அன்றைக்குக் குட்டைச் சுவரின் உயரத்துக்காக ஒரு நீளக் குச்சியை நிறுத்தி, பென்சிலால் கீறி, குச்சியைத் தரையில் கிடத்தி அளந்தார். முப்பத்தொன்று என்று டேப் காட்டியது. எழுதினார். கோடு இழுக்கப் பென்சிலை எடுத்த நேரத்தில்தான் குட்டி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“எங்க போகும்? என் சட்டைப் பைக்குத்தான் போகும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்ப்பேன், இன்னிக்கு எத்தனை இஞ்ச் சேர்ந்துச்சுன்னு.”

“பொய்! எங்கே, காட்டுங்க!”

தச்சர் சட்டைப் பையைத் தலைகீழாக இழுத்துக் காட்டினார். ஒரு துண்டுப் பென்சிலும், இரண்டு ஆணியும், ஒரு சிட்டிகை மரத்தூளும் விழுந்தன. குட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நோட்டை மூடினார்.

அந்த அறையில் இன்னொருவரும் வேலை செய்துகொண்டிருந்தார். கூரைக்கு அடியில் சட்டம் கட்டி, வெள்ளைப் பலகை அடித்து, சீலிங் போடுகிறவர். தலைமுடி, புருவம், காதுமடல் எல்லாம் எப்போதும் வெள்ளைத்தூளாக இருப்பதால் அவருக்குப் ‘பவுடர்’ என்று பேர் வந்துவிட்டது. அவருடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார் என்பார்கள். தச்சருக்கு இரண்டு வயது இளையவர். பத்துப் பன்னிரண்டு வீடுகளில் இருவரும் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

“என்ன பவுடர், சட்டம் எல்லாம் கட்டி முடிச்சாச்சா? நான் இதை நம்பித்தான் அளக்கிறேன்.”

“முடிச்சாச்சுண்ணே. பலகை மட்டும்தான் பாக்கி. அரை இஞ்சுப் பலகை, அதைக் கழிச்சுக்கோங்க.”

“அதெல்லாம் கழிச்சாச்சு.”

பலகைக்கான அரை இஞ்சைக் கழித்தவர், டேப்புக்கான ஒரு இஞ்சைக் கழிக்கவில்லை. ஐந்து அலமாரிகளுக்கும் அந்த ஒரு சுவரின் உயரம்தான் ஆதாரம்.

மூன்று வாரம் கழித்து அலமாரிகள் வந்து இறங்கின. நல்ல வேலை. மரத்தின் ரேகை ஐந்து கதவுகளிலும் விட்டுப்போகாமல் ஒரே ஓட்டமாக ஓடியது. வீட்டுக்காரம்மா கீழேயே நிறுத்திக் கதவுகளைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனார். வீட்டைக் கட்டிக்கொடுக்கும் கான்ட்ராக்டரும் வந்திருந்தார். “நம்ம தச்சர் கை வச்சா கண்ணாடி மாதிரி இருக்கும்மா” என்றார்.

மாடிக்கு ஏற்றி, முதல் அலமாரிப் பெட்டியைச் சுவரோடு தள்ளினார்கள். மேல் விளிம்பு சீலிங்கில் முட்டியது. இன்னொரு பெட்டியைத் தள்ளினார்கள். அதுவும் முட்டியது. முன்னால் இழுத்துப் போட்டால் நிற்கும். ஆனால் பின்பக்கம் எலி குடும்பத்தோடு குடியிருக்கும் அளவுக்குச் சந்து விழும்.

“ஒரு இஞ்ச் இடிக்குது” என்றார் கான்ட்ராக்டர். முகம் மாறிவிட்டது. “யாருய்யா பண்ணினது? எனக்கு யாருன்னு தெரியணும். அடுத்தது நாலு வீடு கையில இருக்கு. இப்படி அளக்கத் தெரியாத ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

தச்சருக்குத் தன் மேல் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நிமிஷம் வரைக்கும் அவர் நேர்மையாகத்தான் இருந்தார். சீலிங்கில் விளக்குக்காக விட்டிருந்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்தார். கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவே வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

“பவுடர், என்ன இது?”

“ஃபோம் சீட்டுண்ணே. இன்னொரு வீட்டுல மிச்சமானது. பாப்பா படுக்கிற இடமாச்சே, மேல வெயில் நேரா இறங்கும். சும்மா கிடந்ததை வச்சுவிட்டேன்.”

“எத்தனை கனம்?”

“ஒரு இஞ்ச்.”

எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

“அப்ப அதுதான்!” என்றார் தச்சர். “நான் அளந்துட்டுப் போனப்புறம் இதைச் செருகியிருக்கீங்க. சட்டம் ஒரு இஞ்ச் கீழ இறங்கிடுச்சு.”

“இல்லண்ணே, சட்டம் கட்டறப்பவே வச்சுட்டேனே. நீங்க அளக்க வந்தப்ப இருந்துச்சே.”

“என் கண்ணுல படலையே. இருந்ததுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் செய்த காரியம். அதற்குச் சாட்சிக்கு எங்கே போவார்? பவுடர் சுற்றிப் பார்த்தார். குட்டி வாசல்படியில் நின்று பெரியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அலமாரியோட அடிச்சட்டத்துல ஒரு இஞ்ச் குறைக்க முடியாதா?” என்று வீட்டுக்காரம்மா மெதுவாகக் கேட்டார்.

“குறைச்சா கதவு தரையில இடிக்கும்மா” என்றார் தச்சர்.

“சரிம்மா, நானே கழட்டி ஏத்திடறேன்” என்றார் பவுடர். “நாலு நாள் ஆகும்.”

தச்சர் கீழே வந்து, வண்டியில் கிடந்த நோட்டைப் புரட்டினார். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று இன்னொரு தடவை பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ளத்தான் புரட்டினார். பக்கம் முழுக்க அடித்த எண்களும் அவற்றின் பக்கத்தில் குறைத்த எண்களும் ஜோடி ஜோடியாக நின்றன. நடுவில் ஒரு முப்பத்தொன்று மட்டும் தனியாக நின்றது. அதன் மேல் கோடு இல்லை. பக்கத்தில் முப்பதும் இல்லை.

மாடியில் பவுடர் முதல் பலகையின் திருகுகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. விர்ர் என்று ஒன்று. விர்ர் என்று இன்னொன்று.

ஒரு குரல் கொடுத்தால் போதும். அடிச்சட்டம் நான்கு இஞ்ச் உயரம். அதில் ஒரு இஞ்ச் சீவினாலும் கதவு எங்கேயும் இடிக்காது. அரை நாள் வேலை. அவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வீட்டுக்காரம்மாவிடம் அப்படிச் சொல்லியிருந்தார்; தன் வேலையில் யாரும் கை வைக்கக்கூடாது என்ற வீம்பு. இப்போது அந்த வீம்பு பொய்யாக வளர்ந்து நின்றது. கான்ட்ராக்டர் சொன்ன நாலு வீடு காதில் ஒலித்தது. கண்ணாடி மாதிரி என்று சொன்னதும் ஒலித்தது. தச்சர் நோட்டை மூடிக் கருவிப் பெட்டியின் அடியில் வைத்தார்.

மனிதன் கெட்டுப்போவதற்குப் பெரிய தீமை எதுவும் செய்ய வேண்டியதில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.

நாலு நாள் பவுடர் அண்ணாந்து வேலை செய்தார். பலகைகளைக் கழற்றி, ஃபோம் சீட்டுகளை உருவி, சட்டத்தை ஒரு இஞ்ச் மேலே ஏற்றி, மறுபடி பலகை அடித்து, பூசித் தேய்த்தார். ஐந்தாம் நாள் அலமாரிகள் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தன. தாள் செருக இடமில்லை. வீட்டுக்காரம்மா கைதட்டினார். கான்ட்ராக்டர் தச்சரின் தோளில் தட்டினார். பவுடர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, “அழகா இருக்குண்ணே” என்றார். அவர் அதை மனசாரச் சொன்னார். அதைத்தான் தச்சரால் தாங்க முடியவில்லை.

அடுத்த வீட்டில் சீலிங் போட வேறு ஆள் வந்தார். பவுடர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தச்சரும் கேட்கவில்லை.

தச்சர் கடவுள் பக்தி உள்ளவர். காலையில் குளித்ததும் இரண்டு நிமிஷம் கண்ணை மூடி நிற்காமல் உளியைத் தொடமாட்டார். இப்போது கண்ணை மூடினால் கடவுள் வரவில்லை. கோடு போடாத ஒரு முப்பத்தொன்று வந்து நின்றது. இரண்டு நிமிஷம் ஒரு நிமிஷமாயிற்று. பிறகு கையை மட்டும் கூப்பிவிட்டு நகர ஆரம்பித்தார்.

“என்ன, சாமிகூட சண்டையா?” என்று மனைவி கேட்டாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“முதல்ல நின்னு நிதானமா கும்பிடுவீங்க. இப்ப கடன்காரனைத் தெருவுல பார்த்த மாதிரி ஓடறீங்க.”

அவர் செருப்பைத் தேடினார். அது காலில்தான் இருந்தது.

இரண்டு மாதம் போயிற்று. வெயில் காலம் வந்தது. ஒரு நாள் வீட்டுக்காரம்மா போன் செய்து, ஒரு அலமாரிக் கதவு கீச்சிடுகிறது, வந்து பாருங்கள் என்றார். தச்சர் போனார். கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெத்தை விரித்திருந்தது. அதன் மேல் குட்டியின் பொம்மைகள் வரிசையாகப் படுத்திருந்தன.

“பாப்பா மேல படுக்கிறதில்லையா?”

“எங்க? ஆசை ஆசையா பண்ணின ரூம். மத்தியானத்துல அடுப்பு மாதிரி கொதிக்குது. ராத்திரி ஆனாலும் சூடு இறங்க மாட்டேங்குது. அலமாரி மட்டும் குடியிருக்கு, பொண்ணு கீழ.”

தச்சர் மாடி ஏறினார். நாலு மணி இருக்கும். சீலிங்கில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. குட்டி பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றாள்.

“மாமா, அந்த இஞ்ச் இன்னும் உங்க பையிலதான் இருக்கா?”

குழந்தை விளையாட்டாகத்தான் கேட்டாள். சட்டைப் பையை இழுத்துக் காட்டுவார், சிரிக்கலாம் என்று காத்திருந்தாள். தச்சரால் கையைத் தூக்க முடியவில்லை.

“ஆமா பாப்பா. இன்னும் அங்கதான் இருக்கு” என்றார்.

கதவில் கை வைக்காமலே, எண்ணெய் எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நேரே கான்ட்ராக்டர் இருக்கும் இடத்துக்குப் போனார். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை மேஜை மேல் வைத்தார்.

“தப்பு என்னுது. பவுடர் மேல ஒரு குத்தமும் இல்ல. அன்னிக்கே எனக்குத் தெரியும். வாயை மூடிக்கிட்டேன்.”

கான்ட்ராக்டர் நோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அன்னிக்கே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷம் கத்தியிருப்பேன். அதோட போயிருக்கும். தெரிஞ்சே அந்த ஆளை நாலு நாள் அண்ணாந்து நிக்க வச்சிருக்கீங்க. அளவு தப்பினவரை மறுபடி கூப்பிடலாம். இதுக்கு நான் என்ன பண்ண?”

“கூப்பிட வேண்டாம். பவுடரைக் கூப்பிடுங்க. அது போதும்.”

பாக்கி இருந்த வீடுகள் தச்சருக்குக் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் கான்ட்ராக்டர் பவுடருக்குப் போன் செய்தார். ஆள் கோபக்காரர், ஆனால் நியாயஸ்தர்.

மறுநாள் தச்சர் பவுடரின் வீட்டுக்குப் போனார். பவுடர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வேலை இல்லாத நாளிலும் காதுமடலில் கொஞ்சம் வெள்ளை இருந்தது.

“வாங்கண்ணே. விஷயம் வந்துருச்சு. உட்காருங்க. ஏய், அண்ணனுக்கு ஒரு டீ!”

“உட்கார வரல பவுடர். திட்டு வாங்க வந்தேன்.”

“டீயை வாங்கிக்கிட்டுத் திட்டு வாங்குங்க. வெறும் வயித்துல வாங்கினா தலை சுத்தும்.”

தச்சர் உட்கார்ந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார்.

“சீட்டை எப்ப வச்சேன்னு எனக்குத் தெரியாதாண்ணே?” என்றார் பவுடர். “உங்க அளவுதான் பிசகுன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. வாய்க்குள்ள வந்துருச்சு. அந்தப் பாப்பா நின்னு பார்த்துக்கிட்டிருந்துச்சு. அதோட ரூம்ல முதல் சத்தம் நம்ம ரெண்டு பேரு சண்டையா இருக்க வேணாம்னு பேசாம ஏணியில ஏறிட்டேன். நாளைக்கு நீங்களே பார்த்துட்டு வந்து சொல்லுவீங்கன்னு நினைச்சேன். கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்க. அவ்வளவுதான்.”

“ரெண்டு மாசம் பவுடர்.”

“ஆமா. ரெண்டு மாசம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா அது பொய்.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். “அந்த சீட்டெல்லாம் எங்க?”

“அந்த வீட்டு மாடிப்படிக்குக் கீழயே அடுக்கி வச்சிருக்கேன்.”

“திரும்ப வைக்க முடியாதா?”

“பலகையைக் கழட்டணும். மறுபடி தூசின்னு சொன்னா அந்தம்மா அழுதுடும். இன்னொரு வழி இருக்கு. குட்டைச் சுவர் மூலையில ஒரு மரப்பட்டி அடிச்சிருக்கேன் பாருங்க, அதுக்குப் பின்னால ரெண்டு விரல் சந்து விட்டிருக்கேன், கூரை மூச்சு விட. சீட்டை நீட்டு நீட்டாக் கீறி, சட்டத்துக்கு நடுவுல அந்தச் சந்து வழியா மேல தள்ளலாம். ஆனா அலமாரி அஞ்சையும் வெளிய இழுக்கணும். மல்லாந்து படுத்துக்கிட்டுத் தள்ளணும். எந்தப் பைத்தியக்காரன் செய்வான்?”

“ஆமா. யார் செய்வாங்க?” என்றார் தச்சர்.

அடுத்த வாரம் வீட்டுக்காரம்மா குட்டியுடன் இரண்டு நாள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். “சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்திருக்கேன். அந்தக் கீச்சுக் கதவை மட்டும் பார்த்துடுங்க” என்று போனில் சொன்னார்.

தச்சர் காலை ஏழு மணிக்குப் போனார். போகிற வழியில் ஒரு புது டேப் வாங்கிக்கொண்டார்.

ஐந்து பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திருகு கழற்றி, கோணி விரித்து, தரையில் கீறல் விழாமல் முன்னால் இழுத்தார். மூலைப் பட்டியைப் பெயர்த்தார். பவுடர் சொன்ன சந்து ஒரு கோணல் இல்லாமல் சுவர் நெடுக ஓடியது. யாரும் பார்க்கப் போகாத இடத்திலும் அந்த மனிதர் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். தச்சர் அதை விரலால் தடவினார். பிறகு படிக்குக் கீழே இருந்த சீட்டுகளைச் சுமந்து வந்து, நீள நீளமாகக் கீறி, மல்லாந்து படுத்து, ஒவ்வொன்றாக மேலே தள்ளினார். கை எட்டாத தூரத்துக்குக் குச்சியால் தள்ளினார். சுவரை அளந்த அதே குச்சி. பென்சில் கீறல் இன்னும் அதில் இருந்தது. வெள்ளைத் துகள் கண்ணிலும் மூக்கிலும் விழுந்தது. கழுத்து வலித்தது. நாலு நாள் இப்படித்தானே அவருக்கும் வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அவ்வப்போது எழுந்து தண்ணீர் குடித்தார்.

கடைசித் துண்டு உள்ளே போனபோது மணி மூன்று. பட்டியை அடித்து, பெட்டிகளைப் பழைய இடத்தில் தள்ளித் திருகினார். எல்லாம் முன்போலவே உட்கார்ந்தன. தாள் செருக இடமில்லை. தரையைக் கூட்டி, ஈரத்துணியால் துடைத்தார். கீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் விட்டார். கண்ணாடியில் பார்த்தபோது தலை, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. குழாயடியில் கழுவிக்கொண்டார்.

நாலு மணி வரைக்கும் காத்திருந்தார். மாடி ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வைத்தார். வெளியே வெயில் கூரையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. பலகையில் சூடு இல்லை.

கையை எடுக்காமலே கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குத் தெரியாது.

பிறகு தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். முப்பத்தொன்றின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் முப்பது என்று எழுதினார். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தபோது, “கதவு சரியாயிடுச்சா?” என்று கேட்டார்கள்.

“ஆயிடுச்சுங்க. கொஞ்சம் எண்ணெய் விட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.